லண்டனில் கருகுது, இங்கே ஒழுகுது: வேப் தாங்கியும் கொயிலும் ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் தாங்கி என்று யாராவது சொன்னால் நமக்கு முதலில் நினைவு வருவது சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகள்தான். வெள்ளைக்காரன் கட்டியவை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதைப் பார்த்தவை. நான் இங்கே எழுதப்போகிற வேப் தாங்கி, அதாவது மின்சிகரெட்டில் திரவம் ஊற்றுகிற பகுதி, கட்டைவிரல் உயரம்தான். கண்ணாடி உடம்பு, உள்ளே 2 மில்லிலீற்றர் திரவம் பிடிக்கும். ஆனால் ஒரு கிழமை என் கடை மேசையை விட்டு அது இறங்கவில்லை.

லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் என் மோட்டர் வைண்டிங் கடைக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சாமானை மேசையில் வைத்தான். கைக்குட்டை முழுக்கப் பிசுபிசுப்பு, மாம்பழ வாசம்.

"மாமா, ஒருக்கா இதைப் பாருங்க. லண்டனில் கருகுது, இங்கே வந்தால் ஒழுகுது."

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறியவன் அவன். முதலில் பாவித்து எறிகிற வகையைத்தான் வாங்கியிருக்கிறான். 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் அந்த வகையை விற்கக்கூடாது என்று சட்டம் வந்ததும், நிரப்பிப் பாவிக்கிற தாங்கி ஒன்றுக்கு மாறினான். தாங்கியோடு இரண்டு வகைக் கொயில் கொடுத்து, ஒன்று மெதுவானது, மற்றது வேகமானது என்று சொல்லி அனுப்பினார்களாம். விளக்கம் அவ்வளவுதான்.

எனக்கு வேப் பழக்கம் இல்லை. ஆனால் கொயில் தெரியும், ஓம் தெரியும், திரி தெரியும். தண்ணீர் மோட்டருக்கும் மின்விசிறிக்கும் கம்பி சுற்றியே தலை நரைத்தவன் நான். அவனுடைய சாமானைப் பிரித்துப் பார்த்ததும் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் திரியும் ஹொட் பிளேட்டின் கம்பியும் ஒரே டப்பாவுக்குள் குடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

உள்ளே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டே குடிக்காதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை. திரவத்தில் இருக்கிற நிக்கொட்டின் பிடித்தால் விடாது. புகையிலை அடங்கிய மின்சிகரெட்டை இலங்கையில் செய்யவோ இறக்கவோ விற்கவோ கூடாது என்று 2016இல் ஒழுங்குவிதி வந்தது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். ஆகவே இதை நான் எழுதுவது, ஏற்கெனவே கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்து போகிற நம் பிள்ளைகளுக்கும், மேசையில் கிடப்பது என்ன சாமான் என்று பார்த்து முழிக்கிற பெற்றோருக்கும்தான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கண்ணாடிக் குழாய்க்குள் திரவம். நடுவில் ஒரு சின்ன உலோக உருளை. அதன் சுவரில் இரண்டு மூன்று துளைகள். துளைக்கு உட்பக்கம் பஞ்சு. பஞ்சுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். பஞ்சையும் சுருளையும் உருளையையும் சேர்த்துத்தான் கடைகளில் கொயில் என்று விற்கிறார்கள். திரவம் துளை வழியே பஞ்சில் ஊறும். பொத்தானை அழுத்தினால் பற்றரியிலிருந்து மின்சாரம் கம்பியில் ஓடிக் கம்பி சூடாகும். பஞ்சில் இருக்கிற திரவம் ஆவியாகும். கீழே உள்ள காற்றுத் துளை வழியே வருகிற காற்று அந்த ஆவியை வாய்க்குக் கொண்டுபோகும்.

திரவம் என்பது பெரும்பாலும் இரண்டு சாமான்களின் கலவை. ஒன்று புரொப்பிலீன் கிளைக்கோல், மற்றதைவிட மிகவும் இளக்கமானது, 188 பாகையில் கொதிக்கும். மற்றது கிளிசரின், பாணி மாதிரித் தடிப்பானது, 290 பாகையில் கொதிக்கும். இவற்றோடு வாசனையும் நிக்கொட்டினும் சேரும். போத்தலில் 50க்கு 50 என்றோ 70க்கு 30 என்றோ போட்டிருப்பது இந்த இரண்டின் பங்கைத்தான். 70 என்று பெரிதாக இருப்பது வழக்கமாகக் கிளிசரின்.

இனி முழு விசயமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பஞ்சுக்குத் திரவம் வந்து சேருகிற வேகம் ஒன்று. கம்பி அதை ஆவியாக்கித் தீர்க்கிற வேகம் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போனால் நல்ல ஆவி, நல்ல சுவை. ஆவியாகிற வேகம் முந்தினால் பஞ்சு காய்ந்து கருகும். திரவம் வருகிற வேகம் முந்தினால் பஞ்சு நிரம்பி வழிந்து, குளுகுளு என்று சத்தம் போட்டு, காற்றுத் துளை வழியே ஒழுகும். பானையில் தண்ணீர் இருக்கும் வரை சோறு அடிப்பிடிக்காது, தண்ணீர் கூடினால் பொங்கி அடுப்பை நனைக்கும். அதே கணக்குத்தான்.

மருமகனின் இரண்டு முறைப்பாடும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் அவன் 70 பங்கு கிளிசரின் உள்ள திரவத்தை மெதுவான கொயிலில் ஊற்றியிருக்கிறான். அந்தக் கொயிலின் துளைகள் சிறியவை. கிளிசரினோ குளிரில் கெட்டியாகும் சாமான். 10 பாகையில் அதன் தடிப்பு 30 பாகையில் இருப்பதைப் போல 6 மடங்குக்கு மேல். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிளிசரின் அப்படி உறைந்துவிடாது, ஆனால் நகர மனமில்லாமல் கிடக்கும். பஞ்சுக்குத் திரவம் போய்ச் சேரவில்லை, கருகியது.

திருகோணமலைக்கு வரும்போது 50க்கு 50 திரவமும் வேகமான கொயிலும். வேகமான கொயிலின் துளைகள் பெரியவை, தடித்த திரவத்துக்காக வெட்டியவை. அதில் இளக்கமான திரவத்தை ஊற்றி, ஓகஸ்ட் வெயிலில் நிலாவெளிக்குப் போகிற வான் வண்டியின் முன்பக்கத்தில் வைத்திருக்கிறான். திரவம் இன்னும் இளகியது. தாங்கிக்குள் இருந்த காற்றும் வெயிலில் விரிந்து திரவத்தைக் கீழே தள்ளியது. ஒழுகாமல் என்ன செய்யும்?

தாங்கி ஏன் சாதாரண நேரத்தில் ஒழுகுவதில்லை என்று கேட்டால், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற கவிழ்த்த போத்தலை நினைத்துப் பாருங்கள். மேலே காற்றுப் புகாதபடி மூடியிருப்பதால் தண்ணீர் தட்டில் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க ஒரு குமிழி மேலே ஏறும், அந்தளவு தண்ணீர் கீழே இறங்கும். வேப் தாங்கியிலும் இழுத்து முடித்ததும் குமிழி ஏறுவதைக் காணலாம். மேல் மூடி சரியாக இறுகவில்லை, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது, கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்றால் காற்று மேலால் புகுந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கொயில் போட்டாலும் ஒழுகல் நிற்காது. ஆகவே ஒழுகுகிறது என்றவுடன் கொயிலைக் குறை சொல்லாமல் முதலில் ரப்பர் வளையங்களைப் பாருங்கள். நான் பார்த்த இதில் ஒரு வளையம் பள்ளத்தை விட்டு விலகிப் பாதி பிதுங்கி நின்றது.

அடுத்து ஓம். கொயில் உருளையின் பக்கத்தில் ஓர் எண்ணும், வோட் அளவும் பொறித்திருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்துத்தான் முழுக் கையேடும். அவனிடம் இருந்தவற்றில் மெதுவானது 1.0 ஓம், வேகமானது 0.3 ஓம். ஓம் என்பது மின்சாரத்தைக் கம்பி எவ்வளவு மறிக்கிறது என்கிற அளவு. முழுதாக ஏற்றிய பற்றரி 4.2 வோல்ற் தரும். அதை நேரே 1.0 ஓமில் பாய்ச்சினால் சுமார் 17.6 வோட். 0.3 ஓமில் பாய்ச்சினால் சுமார் 59 வோட், அதற்குப் பற்றரி 14 அம்பியர் கொடுக்க வேண்டும். ஓம் குறையக் குறைய சூடு ஏறும், பற்றரிக்குச் சுமையும் ஏறும். 1 ஓமுக்குக் கீழ்ப்பட்டவற்றை சப்-ஓம் என்பார்கள். தாங்கியைப் பூட்டுகிற இன்றைய பற்றரிப் பெட்டிகளில் வோட்டை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், உருளையில் போட்டிருக்கிற எல்லைக்குள் வைத்தால் போதும்.

எதை எடுப்பது என்பது ஆள் இழுக்கிற விதத்தைப் பொறுத்தது. சிகரெட் பழக்கத்திலிருந்து வருகிறவர் ஆவியை முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகுதான் நெஞ்சுக்குள் விடுவார். அதற்கு 1 ஓமுக்கு மேற்பட்ட கொயில், இறுக்கமான காற்றுத் துளை, 10 முதல் 15 வோட், 50க்கு 50 திரவம். ஹூக்கா மாதிரி நேரே நெஞ்சுக்குள் இழுப்பவருக்கு 0.5 ஓமுக்குக் கீழே, அகலத் திறந்த காற்று, 70 பங்கு கிளிசரின், நிக்கொட்டின் குறைந்த திரவம். இரண்டாவது வகையில் ஓர் இழுவைக்கு வருகிற ஆவி மிக அதிகம். பிரித்தானியாவில் சட்டம் அனுமதிக்கிற உச்சம் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின். அதைக் கொண்டுபோய் 0.3 ஓம் கொயிலில் ஊற்றினால் தலை சுற்றும், வாந்தி வரும். என் மருமகன் அதையும் ஒருநாள் செய்து பார்த்திருக்கிறான். அக்காவிடம் சொல்லவில்லை.

சிகரெட்டை விட வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் முதல் வகையே போதும் என்பது என் அபிப்பிராயம். திரவமும் குறைவாகச் செலவாகும், பற்றரியும் நீண்ட நேரம் வரும், மேகம் மாதிரிப் புகை விட்டுப் பக்கத்து வீட்டாரை எழுப்பவும் தேவையில்லை. பெரிய ஆவி தருகிற தாங்கிகளுக்கு விளம்பரம் அதிகம், அதனால்தான் புதியவர்கள் அங்கே போய் விழுகிறார்கள்.

இப்போது கொயிலின் உருவம். எனக்கு ருசியான பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி எதனால் ஆனது என்பதில் தொடங்குவோம். நம் வீட்டு ஹொட் பிளேட்டில் இருப்பது நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற கலவை. வேப் கொயில்களில் அதிகம் காண்பது கந்தால், இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்தது. செந்நிறமாகச் சூடேறினாலும் துருப்பிடித்து உதிராது. துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும் உண்டு. சூடு ஏறும்போது இதன் ஓம் அளவு கூடும், பெட்டி அதைக் கவனித்துக்கொண்டே இருந்து, சூடு எல்லை தாண்டினால் மின்சாரத்தைக் குறைக்கும். வெப்பக் கட்டுப்பாடு என்கிற வசதி இப்படித்தான் வேலை செய்கிறது. கந்தாலில் ஓம் பெரிதாக மாறாது, ஆகவே கந்தால் கொயிலைப் போட்டுவிட்டு அந்த வசதியை இயக்கிப் பயனில்லை.

கடைக்கு வந்த ஒரு பொடியன், "அண்ணே, மோட்டர் சுற்றுகிற கம்பியில் இதைச் செய்ய ஏலாதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஏலாது. அது செம்பு. கந்தால் செம்பைப் போல ஏறக்குறைய 85 மடங்கு மின்சாரத்தை மறிக்கும். 0.32 மில்லிமீற்றர் தடிப்புள்ள கந்தாலில் 55 மில்லிமீற்றர் வெட்டினால் 1 ஓம் வந்துவிடும். அதே தடிப்புச் செம்பில் 1 ஓம் வேண்டுமென்றால் நாலரை மீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். சின்னத் துண்டு போட்டால் அது சூடாக்கி அல்ல, ஷோர்ட். போதாததற்கு அந்தக் கம்பியில் பூசியிருக்கிற எனாமல் எரிந்தால் வருகிற புகையை நான் தினமும் மணந்து பார்க்கிறவன். அதை யாரும் நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது.

அந்த 55 மில்லிமீற்றர் கந்தாலையே எடுத்துக்கொள்வோம். அதன் வெளிப்பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தின் பாதி என்று வையுங்கள். 12 வோட் கொடுத்தால் அந்தப் பரப்பு தாங்கும், பஞ்சு திரவம் கொடுத்துக்கொண்டே இருக்கும். 40 வோட் கொடுத்தால் அதே அரை நகத்தில் மூன்று மடங்குக்கு மேல் சூடு. எவ்வளவு நல்ல பஞ்சானாலும் ஈடுகொடுக்காது. ஆகவே அதிக வோட் வேண்டுமென்றால் அதிகப் பரப்பு வேண்டும். கொயில் செய்கிறவர்கள் இத்தனை உருவங்கள் கண்டுபிடித்தது இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

சாதாரண உருண்டைக் கம்பிச் சுருள் எளியது, மலிவு, குறைந்த வோட்டுக்கு நல்லது. குறை என்னவென்றால் சூடு எங்கும் ஒரே அளவாக இருக்காது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றில் இருக்கிற சூடு மற்றதில் இல்லை. சுருளும் அப்படித்தான். நடுவில் உள்ள சுற்றுகள் இரு பக்கமும் அண்டையில் சூடு இருப்பதால் அதிகம் கொதிக்கும், ஓரத்தில் உள்ளவை குளிர்ந்தே இருக்கும். பஞ்சு கருகத் தொடங்குவது எப்போதும் நடுவில்.

இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பரப்பு இரட்டிக்கும், ஓம் பாதியாகும். கிளப்டன் என்பது தடித்த ஒரு கம்பிக்கு மேலே மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி எடுத்து, அதைச் சுருளாக்குவது. கித்தாரின் தடித்த நரம்பு இப்படித்தான் இருக்கும், அதனால் எரிக் கிளப்டன் என்கிற கித்தார்க் கலைஞரின் பெயரே நிலைத்துவிட்டது. மெல்லிய கம்பிகளின் இடுக்குகளில் திரவம் தங்கும், சுவை கனமாக வரும். ஆனால் உலோகம் அதிகம் என்பதால் சூடேற ஒரு நொடி தாமதம், ஆறவும் தாமதம், பற்றரியையும் தின்னும்.

வலைக் கொயில், அதாவது மெஷ், வேறு மாதிரி யோசித்தது. கம்பியே வேண்டாம், நிறையத் துளைகள் போட்ட மெல்லிய தகட்டை வளைத்து, பஞ்சை அதன் முதுகில் அழுத்தி வைத்தால் என்ன? பரப்பு அதிகம், உலோகம் குறைவு, ஆகவே பொத்தானை அழுத்தியவுடனேயே சூடேறும், சூடு எங்கும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். முன்பு பெரிய ஆவிக்காரருக்கு மட்டும் இருந்த மெஷ் இப்போது 1 ஓமுக்குப் பக்கத்திலும் கிடைக்கிறது. புதியவர் ஒருவருக்கு நான் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் குறைந்த வோட் மெஷ்ஷைத்தான் காட்டுவேன். அதன் பலவீனம் ஒன்றுதான். பஞ்சு தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விலகினாலும் அங்கே தகடு காய்ந்து, பக்கத்துப் பஞ்சைப் பொசுக்கிவிடும்.

செராமிக் கொயிலில் பஞ்சுக்குப் பதில் நுண்துளைகள் உள்ள மண்பாண்டம் மாதிரியான ஒரு குழாய். மண்பானை வேர்ப்பதுபோல் திரவம் அதன் வழியே கசிந்து வரும். நின்று பிடிக்கும், சுவை மென்மை, ஆனால் ஊற நேரம் எடுக்கும்.

புதுக் கொயில் போடுகிற வேளையில்தான் பெரும்பாலானோர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். புதுத் திரியை மண்ணெண்ணெய் ஊறாமல் கொளுத்தினால் என்ன ஆகும்? திரியே எரியும். அதேதான். பக்கத் துளைகளில் தெரிகிற பஞ்சில் இரண்டிரண்டு சொட்டு, மேல் வாயால் இரண்டு சொட்டுத் திரவம் விட வேண்டும். பிறகு கொயிலைப் பூட்டி, தாங்கியை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரம். செராமிக்குக்கு இன்னும் கொஞ்சம். அதன்பின் உருளையில் போட்டிருக்கிற வோட் எல்லையின் அடிமட்டத்தில் நாலைந்து இழுவை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். நிரப்பும்போது நடுக் குழாய்க்குள் திரவம் விழக்கூடாது. விழுந்தால் அது நேரே காற்றுத் துளைக்குத்தான் இறங்கும். ஒரு பஞ்சு கருகிவிட்டால் அதற்கு மருந்தில்லை, கழற்றி எறிய வேண்டியதுதான். பஞ்சு காய்ந்த நிலையில் கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடேறினால் போர்மல்டிஹைட், அக்ரோலீன் மாதிரியான நஞ்சுகள் உண்டாகும். தொண்டையில் சுரீர் என்று பிடிக்கிற அந்தக் கருகல் சுவையைச் சகித்துக்கொண்டு இழுப்பது வீரமில்லை.

கொயில் எத்தனை நாள் வரும் என்றால், தினமும் பாவிப்பவருக்கு ஒன்று அல்லது இரண்டு கிழமை. இனிப்புத் திரவம் போடுகிறவருக்கு அதிலும் குறைவு. சுவைக்காகச் சேர்க்கிற சுக்கிரலோஸ் கம்பியில் ஒட்டி, சீனிப்பாகு அடிப்பிடித்த சட்டிபோல் கறுப்பாகப் படியும். படிவு சேர்ந்தால் சூடு திரவத்துக்குப் போகாமல் கம்பியிலேயே நிற்கும். சுவை மந்தமாகும், திரவத்தின் நிறம் தேநீர் மாதிரியாகும், பிறகு கருகல் மணம். இந்த வரிசையில்தான் வரும். தெளிவான, இனிப்புக் குறைந்த திரவம் போட்டால் அதே கொயில் இரண்டு மடங்கு நாள் போவதும் உண்டு.

கருகலுக்கு மாறானது குளுகுளுச் சத்தம். வோட் மிகக் குறைவாக இருந்தாலும், ஸ்ட்ரோவில் இளநீர் உறிஞ்சுவதுபோல் பலமாக இழுத்தாலும் பஞ்சு தாங்குவதற்கு மேல் திரவம் வந்துவிடும். வாய்க்குழலைக் கழற்றி, டிஷ்யூவைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்து, தாங்கியை டிஷ்யூவில் சுற்றி இரண்டு தரம் உதறி, வோட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். நம் ஊர் வெக்கைக்கு, லண்டனில் பாவித்ததைவிட ஒரு படி தடித்த திரவம் எடுப்பதே நல்லது. நான் அவனுக்குச் செய்ததும் அதுதான். ரப்பர் வளையத்தை மாற்றி, 70 பங்கு கிளிசரின் போத்தலை 0.3 ஓமோடு சேர்த்துவிட்டேன். லண்டனில் அவனைக் கருக வைத்த அதே போத்தல். இங்கே ஒழுகல் நின்றது.

தாங்கியைக் கழுவுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கொயில் மாற்றும்போதெல்லாம் திரவத்தைக் கொட்டி, எல்லாத் துண்டுகளையும் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு அலசினால் போதும். கொதிதண்ணீர் ரப்பருக்கு ஆகாது. பஞ்சு உள்ள கொயிலைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் செய்து பார்த்த வரையில் அது காசை மிச்சம்பிடிக்கிற மாதிரி ஒரு கற்பனை. கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு விடும். கடற்காற்றில் உப்பு வேறு இருக்கிறது, ஆகவே அடியில் உள்ள திருகுப் பகுதியையும் நடு முனையையும் கிழமைக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்தத் திருகு பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவானது. 510 என்பார்கள், 0.5 மில்லிமீற்றர் இடைவெளியில் 10 புரி. அதில் அழுக்குப் பிடித்தால் பெட்டி ஓம் அளவைத் தப்பாகக் காட்டும், சில நேரம் கொயிலே இல்லை என்று சொல்லும். பூட்டும்போது விரல் நுனியால் இறுக்கினால் போதும். குறடு எடுத்தால் நடு முனை உள்ளே அமுங்கிவிடும்.

பிளாஸ்ரிக் உடம்பு உள்ள தாங்கி வைத்திருப்பவர் கறுவா, எலுமிச்சை, தோடம்பழச் சுவைகளைத் தவிர்க்க வேண்டும். சில பிளாஸ்ரிக்குகளை அவை வெடிக்க வைத்துவிடும். கறுவா நம் நாட்டுச் சாமான் என்று பெருமைப்படலாம், ஆனால் இதற்குக் கண்ணாடித் தாங்கிதான் வேண்டும்.

தானே கம்பி சுற்றிப் போடுகிற தாங்கிகளும் உண்டு. மருமகன் தன் நண்பனிடமிருந்து ஒன்றும், கந்தால் ஒரு சுருளும் கொண்டுவந்திருந்தான். 2.5 மில்லிமீற்றர் துளைஊசியில் 6 சுற்றுச் சுற்றினேன். கால்களோடு சேர்த்து மீற்றரில் 1 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கணக்கு அச்சொட்டாக வந்ததில் எனக்குத்தான் அவனைவிடச் சந்தோசம். இந்த வகையில் பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். கம்பியில் படிவு சேர்ந்தால் பஞ்சை எடுத்துவிட்டு, குறைந்த வோட்டில் மெல்லச் சிவக்க விட்டு, ஆறிய பிறகு தூரிகையால் தேய்த்தால் போய்விடும். பஞ்சு அளவாக இருக்க வேண்டும். கம்பிக்குள் இழுக்கும்போது கொஞ்சம் தடை தெரிய வேண்டும், கம்பி வளையக்கூடாது. ஆனால் ஓம் கணக்கு புரியாதவர், கையில் மீற்றர் இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். 0.15 ஓமில் ஒரு சுருளைச் சுற்றி, பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் குழாய்ப் பெட்டியில் போட்டால் பற்றரியிடம் 28 அம்பியர் கேட்கிறீர்கள். 18650 என்கிற உருளைப் பற்றரிகளில் நல்லவை பலவற்றுக்கும் 20 அம்பியர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் பற்றரி சூடேறும், பிறகு வெடிக்கவும் கூடும். உறை கிழிந்த பற்றரியைப் பாவிக்க வேண்டாம். திறப்பும் சில்லறையும் கிடக்கிற பொக்கற்றில் வெறும் பற்றரியைப் போடவே வேண்டாம்.

இன்னொன்று. தடிமனுக்கு நல்லது என்று ஒருவர் யூக்கலிப்டஸ் எண்ணெயை இரண்டு சொட்டுத் தாங்கியில் விடலாமா என்று கேட்டார். எண்ணெய் எதுவும் கூடாது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், மூலிகை எண்ணெய், ஒன்றும் கூடாது. ஆவி பிடிப்பது வேறு, எண்ணெய்த் துளியை நுரையீரலில் படியவிடுவது வேறு. அமெரிக்காவில் 2019இல் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு வைத்தியசாலைக்குப் போனார்கள். 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்ததாகக் கணக்கு. பெரும்பாலும் கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த வைற்றமின் ஈ அசற்றேற் என்கிற எண்ணெய்ச் சாமான்தான் காரணமாகக் கண்டறியப்பட்டது. நிக்கொட்டின் போத்தலையும் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். மாம்பழ வாசம் வந்தால் சின்னப் பிள்ளை வாயில் வைக்கத்தான் பார்க்கும். தோலில் பட்டாலும் உடனே கழுவிவிட வேண்டும்.

திரும்பிப் போகிற நாளில் அவனுக்கு மூன்று விசயம் சொல்லி அனுப்பினேன். தாங்கியை வெறுமையாக்கு, மேலே ஏறும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைகையில் தாங்கிக்குள் இருக்கிற காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். பற்றரிப் பெட்டியையும் பற்றரியையும் கைப்பையில் வை, விமானத்தின் அடியில் போகிற பயணப்பெட்டியில் போடக்கூடாது. அடுத்த முறை சிங்கப்பூர் வழியாக வருவதாக இருந்தால் இதை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலும் 2019இலிருந்து விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். போகும்போது 0.3 ஓம் கொயிலை என் மேசையிலேயே விட்டுவிட்டு, 1.0 ஓமைப் பூட்டிக்கொண்டு போனான். அதற்கு 50க்கு 50 திரவம்தான் என்று ஒரு துண்டில் எழுதி, போத்தலில் ஒட்டிக் கொடுத்தேன்.